ஹிரோஷிமாவில் மூன்று நாட்கள்

சென்ற மாதம் எமது பெண்கள் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "நீங்க வெளிநாடு போய்ப் பார்த்த ஆள். சண்டை நடந்த வேற இடங்கள்ள பொம்புளையள் எப்பிடித்தான் திரும்ப எழும்பினவங்க?" என்று கேட்டார். கேள்வி சாதாரணமானது. ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் வெளிநாடு போனது ஒரே ஒரு தடவை. அதுவும் மாணவியாக இருந்தபோது. அந்தப் பயணத்தில் ஹிரோஷிமா நகரில் தங்கியது மூன்று நாட்கள் மட்டுமே. அந்த மூன்று நாட்களில் நான் கண்டதையும் கேட்டதையும் அந்த அக்காவுக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

அது 2013 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதி வருட மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் கீழ் வெவ்வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து பன்னிரண்டு பேர் யப்பானுக்குத் தெரிவாகியிருந்தோம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தோம். செலவு முழுவதும் அவர்களுடையது. இல்லாவிட்டால் நான் எங்கே போவது?

எங்களுடைய ஊர் சம்பூர். 2006 ஆம் ஆண்டு அங்கிருந்து வெளிக்கிட்டு, ஈச்சிலம்பற்று, வாகரை என்று அலைந்து மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தோம். வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் அண்ணா எங்களோடு இல்லாமற் போனார். பிறகு கிளிவெட்டி முகாம். நான் விமானம் ஏறியபோதும் அம்மா அந்த முகாமில் தகரக் கொட்டிலில்தான் இருந்தார். விண்ணப்பப் படிவத்தில் வதிவிட முகவரி என்ற இடத்தில் நான் முகாமை எழுதவில்லை. திருகோணமலை நகரில் இருக்கும் சித்தியின் வீட்டு முகவரியைத்தான் எழுதினேன். கூட வந்தவர்கள் கேட்டபோதும் "திருகோணமலை" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை.

குளிருக்குப் போட ஒரு கம்பளிச் சட்டை சித்தியின் மகளிடம் இரவல் வாங்கினேன். பயணம் சொல்ல முகாமுக்குப் போனபோது அம்மா, "போயிற்று வா மகள். எங்களை நினைச்சு அழுதுகொண்டு திரியாத. பார்க்கிறதை வடிவாப் பார்த்திற்று வந்து எனக்குச் சொல்லு" என்றார். அம்மாவைச் சேறு நிறைந்த முகாமில் விட்டுவிட்டு நான் மட்டும் உல்லாசமாகப் போகிறேன் என்ற உறுத்தல் பயணம் முழுவதும் என்னோடு வந்தது.

யப்பான் என்ற பெயர் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். 1942 சித்திரை 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அப்போது சிறுமியாக இருந்த என் அம்மம்மா, கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நின்று அக்கரையில் எழும்பிய புகையைப் பார்த்தவர். ஊரில் வயது கணக்குப் பார்க்கும்போதெல்லாம் "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்றுதான் சொல்லுவார். குண்டு போட்டவர்களாக நான் அறிந்த அந்த நாட்டை, குண்டு விழுந்த நாடாக நான் காணப் போனேன்.

ஒசாகா நகரிலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஒன்றரை மணித்தியாலப் பயணம். இறங்கியதும் நான் எதிர்பார்த்தது அழிந்துபோன ஒரு நகரத்தை. கண்டதோ அகன்ற வீதிகள், மரங்கள், ஆறுகள், பாலங்கள். ஒட்டா என்ற ஆறு கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் கழிமுகத்தில் அமைந்த நகரம் அது. 1589 ஆம் ஆண்டு அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதன் பின் வளர்ந்தது நகரம். 1894 இல் சீனாவோடு யுத்தம் நடந்தபோது யப்பானியச் சக்கரவர்த்தி தன் படைத் தலைமையகத்தையே அங்கு மாற்றினார். அன்றிலிருந்து அது ஒரு படைநகரம். இன்று நிற்கும் கோட்டைக் கோபுரம் 1958 இல் திரும்பக் கட்டியது.

1945 ஆவணி 6 ஆம் திகதி காலை 8.15 மணிக்கு அமெரிக்க விமானம் ஒன்று போட்ட ஒரே குண்டு, நகரத்தின் மேல் ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் வெடித்தது. அந்த வருட முடிவுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 140,000 பேர் எனக் கணக்கிடுகிறார்கள். பாடப் புத்தகத்தில் இந்த எண்ணைப் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் எண்ணைப் படிப்பது வேறு, அங்கே போய் நிற்பது வேறு.

முதல் நாள் எங்களைச் சமாதானப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தொண்டராக வழிகாட்டும் வேலை செய்பவர். நாங்கள் இலங்கையர் என்று அறிந்ததும் அவர் குனிந்து வணங்கி நன்றி சொன்னார். 1951 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில், அப்போது இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்தன, பகைமை பற்றிய புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, யப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று பேசினாராம். எங்கள் குழுவில் சிலர் பெருமையோடு கை தட்டினார்கள். நானும் கைகளை மெதுவாகத் தட்டினேன். 1983 ஆடியில் எங்கள் நாட்டில் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். அந்த ஆடியில் கொழும்பில் எல்லாவற்றையும் இழந்து ஊருக்குத் திரும்பிய பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதனின் ஒரு பேச்சு ஒரு நாட்டில் நன்றியோடு நினைக்கப்படுகிறது. அதே மனிதனின் பெயரைக் கேட்டால் வேறொரு வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த முதியவரின் நன்றி பொய்யில்லாதது. அதனால் நான் ஒன்றும் பேசவில்லை.

குவிமாடம் மட்டும் எலும்புக்கூடாக நிற்கும் கட்டடத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்து 1915 இல் கட்டிய கைத்தொழிற் கண்காட்சி மண்டபம் அது. குண்டு ஏறத்தாழ நேர் மேலே வெடித்ததால் சுவர்கள் சில சாயாமல் நின்றன. யுத்தம் முடிந்து இருபது வருடமாக அதை இடிப்பதா வைப்பதா என்று அந்த ஊர் மக்களே பிரிந்து நின்றார்களாம். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வேகுது, இடித்துவிடுங்கள் என்றனர் சிலர். இடித்தால் நடந்ததே இல்லை என்றாகிவிடும் என்றனர் வேறு சிலர். லுக்கீமியா நோயால் 1960 இல் இறந்த பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பு, வைத்திருக்க வேண்டும் என்ற பக்கத்துக்குப் பலம் சேர்த்தது. 1966 இல்தான் நகரசபை பாதுகாப்பதென்று தீர்மானித்தது. நினைவுச் சின்னம் என்பது தானாக அமைந்துவிடுவதில்லை. யாரோ சிலர் வாதாடித்தான் அமைகிறது.

நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் அப்போது 50 யென் மட்டும். உள்ளே, எரிந்த தோல் தொங்க நடக்கும் மெழுகு உருவங்கள் இருந்தன. அவற்றை 2017 இல் அகற்றிவிட்டார்கள். உண்மையில் என்னை அசைத்தவை அந்த உருவங்கள் அல்ல, சின்னச் சின்னப் பொருட்கள்தான். ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் கரியாகிப்போன சோறு. அரிசியும் பார்லியும் சோயாவும் கலந்து ஒரு தாய் காலையில் மகனுக்குக் கட்டிக் கொடுத்தது. ஒரிமென் ஷிகெரு என்ற அந்த மகன் முதலாம் வருட மாணவன். தீ பரவாதிருக்க வீடுகளை உடைத்து வெளியாக்கும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அன்று கொண்டுபோயிருந்தார்கள். அப்படி வேலைக்குப் போன பிள்ளைகளில் 6000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாய் தேடிப் போய் மூன்றாம் நாள் மகனைக் கண்டபோது, பெட்டி உடலின் கீழே இருந்தது. அதை வைத்துத்தான் மகனை அடையாளம் கண்டார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நின்ற நேரம் அதிகம். எங்கள் அம்மாவிடமும் ஒரு பொலித்தீன் பையில் அண்ணாவின் சேட்டு ஒன்று இருக்கிறது. மற்றப் பெண்கள் சாப்பாட்டுப் பெட்டியைப் படம் பிடித்தார்கள். என்னால் முடியவில்லை.

பூங்காவின் ஒரு மூலையில் புல் முளைத்த வட்டமான மண்மேடு ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாக நிற்காத இடம். அதன் கீழே உள்ள அறையில் ஏறத்தாழ 70,000 பேரின் சாம்பல் இருக்கிறது. பெரும்பாலும் யார் எவரென்று தெரியாதவர்கள். ஆனால் 800க்கு மேற்பட்டோரின் பெயர் தெரியும். பெயர் தெரிந்தும் வாங்கிப்போக ஆள் வரவில்லை. குடும்பம் முழுவதுமே அழிந்திருக்கலாம். நகரசபை ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டு உறவினரைத் தேடுகிறது.

அந்த மேட்டை நீண்ட காலம் கூட்டித் துப்புரவு செய்தவர் ஒரு பெண். சயெகி தோஷிகோ என்று பெயர். குண்டில் உறவினர் பதின்மூன்று பேரை இழந்தவர். யாரும் அவரை நியமிக்கவில்லை. தானாகவே வந்து கூட்டினார். உள்ளே இருந்த பெட்டிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு உறவினரைத் தேடியும் போனார். வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஊரில் சாம்பலுமில்லாமல் மனிதர் காத்திருக்கிறார்கள். அங்கே மனிதரில்லாமல் சாம்பல் காத்திருக்கிறது.

இரண்டாம் நாள் காலை, குண்டிலிருந்து தப்பிய ஒரு மூதாட்டியின் பேச்சைக் கேட்க ஒரு மண்டபத்தில் அமர்ந்தோம். இப்படித் தப்பியவர்களை யப்பானியர் ஹிபாக்குஷா என்பர். அவருக்கு அன்று ஏழு வயது. வீடு இடிந்து விழுந்ததையும் தாயோடு ஆற்றங்கரைக்கு ஓடியதையும் நிதானமாகச் சொன்னார். அதைவிட அவர் கூடுதல் நேரம் பேசியது பிறகு வந்த வருடங்களைப் பற்றித்தான்.

ஹிரோஷிமாப் பெண் என்றால் கலியாணம் பேச வரமாட்டார்கள். பிறக்கும் பிள்ளை ஊனமாகப் பிறக்கும், நோய் தொற்றும் என்றெல்லாம் கதை. வேலைக்கும் எடுக்கத் தயங்கினார்கள். முகத்தில் தழும்பு உள்ள பெண்கள் வெளியே வருவதை விட்டார்கள். யுத்தம் முடிந்ததும் நாட்டை ஆண்ட அமெரிக்கப் படை நிர்வாகம், குண்டின் பாதிப்புப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதைக் கட்டுப்படுத்தியது. 1947 இல் அமெரிக்கர் ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தனர். அங்கே பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிச் சென்று, உடலைப் பரிசோதித்து, இரத்தம் எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். வைத்தியம் செய்யவில்லை. அரசாங்கம் மருத்துவ உதவிக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து சுகாதாரக் கையேடு வழங்கியது 1957 இல். குண்டு விழுந்து பன்னிரண்டு வருடம் கழித்து! அதுவும் பாதிக்கப்பட்டவர்கள் 1956 இல் ஒரு சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுத்த பிறகு. நிஹோன் ஹிடாங்க்கியோ என்ற அந்தச் சங்கத்துக்குத்தான் 2024 ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மூதாட்டி கையேடு கிடைக்கத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்கவே இல்லை. எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். கணவனின் வீட்டாருக்கும் சொல்லவில்லை. மகள்மார் கலியாணம் கட்டிப் போன பிறகுதான் விண்ணப்பித்தாராம். "சுட்ட காயம் ஆறிவிட்டது. மறைத்து வைத்ததுதான் ஆறவில்லை" என்று அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதை என் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

கேள்வி கேட்கும் நேரம் வந்தது. சமூகவியல் மாணவியாக நான் ஆயத்தம் செய்திருந்த கேள்விகள் ஐந்து. அவற்றைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் முகாமுக்கும் எத்தனையோ பேர் படிவங்களோடு வந்திருக்கிறார்கள். எத்தனை பேர் குடும்பத்தில், எத்தனை பேர் இல்லை, எந்தத் திகதி, எந்த இடம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொன்னவர் ஒருவருமில்லை. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "நீங்கள் முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள்?"

மூதாட்டி சிரித்தார். "என்னைப் போலவே மறைத்து வைத்திருந்த இன்னொரு பெண்ணிடம்" என்றார்.

அன்றிரவு விடுதி அறையில் நித்திரை வரவில்லை. என்னோடு அறையில் இருந்தவள் அநுராதபுரத்தைச் சேர்ந்த சிங்கள மாணவி. அதுவரை நாங்கள் இருவரும் சாப்பாடு, குளிர், தொலைபேசிச் செலவு தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. விளக்கை அணைத்த பிறகு, "எனக்குத் திருகோணமலையில் வீடு இல்லை. அம்மா முகாமில் இருக்கிறா. அண்ணாவைக் காணவில்லை" என்று இருட்டுக்குள் சொன்னேன். அரைகுறை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் அண்ணன் படையில் இருந்தவர் என்றும், 2008 இல் காணாமற் போனவர் பட்டியலில் பெயர் வந்தது என்றும், வீட்டில் தாய் இன்றைக்கும் இரவில் வாசல் விளக்கை அணைப்பதில்லை என்றும் சொன்னாள். நாங்கள் இருவரும் அழவில்லை. ஒருவரையொருவர் தேற்றவும் இல்லை. அவளது அண்ணனைப் பற்றி எனக்கும் என் அண்ணாவைப் பற்றி அவளுக்கும் கேட்க எத்தனையோ இருந்தன. கேட்கப் பயமாகவும் இருந்தது. ஆனால் அடுத்த நாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல் இருவரும் அந்த மண்மேட்டுக்குத் திரும்பப் போனோம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் பாதி நாளை மியாஜிமா என்ற தீவில் கழித்தோம். கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரண வாயில், தெருவில் திரியும் மான்கள், இனிப்புப் பணியாரக் கடைகள் என்று எல்லாம் அழகுதான். மற்றவர்கள் விதம் விதமாகப் படம் எடுத்தார்கள். எனக்கு அதைவிட நகரத்துக்குள் திரும்பி வந்து பார்த்த மூன்று விடயங்கள்தான் மனதில் நிற்கின்றன.

ஒன்று, அவோகிரி மரம். குண்டு விழுந்த இடத்திலிருந்து 1.3 கிலோமீற்றர் தூரத்தில், தபால் தொடர்பாடல் அலுவலக முற்றத்தில் நின்ற மரம். ஒரு பக்கம் கருகி உள்ளே கோறையாகிவிட்டது. அந்த அலுவலகத்தில் வேலை செய்த நுமாட்டா சுசுகோ என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் இடது கால், இடிபாட்டில் நசுங்கித் துண்டிக்கப்பட்டது. கலியாணம் செய்ய இருந்தவர் யுத்தத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியும் வந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்திருந்த நாட்களில், பட்டுப்போனதென்று நினைத்த அந்த மரத்தில் துளிர் கண்டாராம். பின்னர் ஆசிரியையானார். வாழ்நாள் முழுவதும் கலியாணம் கட்டவில்லை. 1973 இல் பூங்காவுக்குக் கொண்டுவந்து நட்ட அந்த மரத்தின் கீழ் இருந்தே, 1980களின் பின் மாணவர்களுக்குத் தன் கதையைச் சொல்லி வந்தார். யப்பானியப் படை துன்புறுத்திய ஆசிய நாடுகளுக்குச் சென்று, தன் நாடு செய்த தவறுக்கு வருத்தமும் தெரிவித்தவர். 2011 இல் காலமானார். நாங்கள் போனபோது மரத்தின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. ஊன்றுகோலோடு வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்கள் எங்கள் பகுதிகளிலும் இருக்கிறார்கள். இந்த அம்மாவின் கதையை நான் அதிகம் சொல்வது அவர்களுக்குத்தான்.

இரண்டாவது, ட்ராம் வண்டி. வீதியில் தண்டவாளத்தில் ஓடும் இந்த வண்டிகளில் நாங்களும் ஏறினோம். யுத்தத்துக்கு ஆண்கள் போனபடியால் ஓட்ட ஆளில்லை. ஆகவே ட்ராம் கம்பனி 1943 இல் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கியது. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வண்டியில் வேலை. குண்டு விழுந்து மூன்றாம் நாள், ஆவணி 9 ஆம் திகதி, நகரத்தின் ஒரு சிறு பகுதியில் ட்ராம் திரும்ப ஓடியது. உயிர் தப்பிய மாணவிகளும் அந்த வண்டிகளில் வேலை செய்தார்கள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பாடசாலையை மூடிவிட்டார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபத்து நேரத்தில் பெண் வேண்டும், ஆபத்து நீங்கினால் வேண்டாம் என்பது எல்லா ஊர் வழக்கம்போலும். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை வீதியில் எங்கும் நான் காணவில்லை.

மூன்றாவது, ஒக்கொனோமியாக்கி என்ற சாப்பாடு. கடைசி இரவு அதைத்தான் சாப்பிட்டோம். பெரிய இரும்புக் கல்லில் கோதுமை மாவை மெல்லிய தோசை போல ஊற்றி, அதன் மேல் கோவாவை மலைபோலக் குவித்து, நூடில்ஸ், முட்டை வைத்துப் புரட்டி எடுப்பார்கள். எங்கள் கொத்து ரொட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் அதன் கதை சிரிப்பதற்குரியதல்ல. யுத்தத்துக்கு முன் அது பிள்ளைகளுக்கு விற்கும் மலிவான தின்பண்டம். குண்டுக்குப் பின் அரிசி இல்லை. நிவாரணக் கோதுமை மா இருந்தது. கோவா மலிவு. கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டின் முன்பகுதியில் ஓர் இரும்புத் தகட்டைச் சூடாக்கி, இதைச் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். கடைகளுக்குத் தங்கள் வீட்டுப் பெயரையே வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் பல கடைகளின் பெயர் 'சான்' என்று முடியும். 'சான்' என்பது எங்கள் செல்லப் பெயர் போல, அன்பாக அழைக்கும் சொல். யுத்தத்துக்குப் போனவரோ பிரிந்துபோன பிள்ளையோ ஊருக்குத் திரும்பினால், தெருவும் இல்லை, வீடும் இல்லை. பெயரைப் பார்த்தாவது கண்டுபிடித்து வரட்டும் என்றுதான் அப்படி வைத்தார்களாம். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று சுட்டுக்கொடுத்த வயதான அம்மா இதைச் சொன்னபோது, என் தட்டில் இருந்தது ஆறிப் போயிருந்தது.

திரும்பி வந்ததும் நேராகக் கிளிவெட்டிக்குப் போனேன். அம்மா கேட்டபடி எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அம்மா எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். மண்மேட்டைப் பற்றிச் சொன்னபோது, "பேர் தெரிஞ்சும் எடுக்க ஆக்கள் வரேல்லையா?" என்று இரண்டு தரம் கேட்டார். கடையைப் பற்றிச் சொன்னபோது ஒன்றுமே சொல்லவில்லை.

2016 இல் எங்களுக்குச் சம்பூரில் காணி திரும்பக் கிடைத்தது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணற்றை வைத்துத்தான் வளவை மட்டுக்கட்டினோம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற் போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதைப் பற்றி அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். எதையும் எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. எடுப்பதும் விடுவதும் தாயின் முடிவு. அம்மா இன்னும் எடுக்கவில்லை.

ஆனால் வேறொரு காரியம் செய்தார். பெண்கள் குழுவின் சுழற்சிக் கடனில் பதினைந்தாயிரம் ரூபா எடுத்து, வீதியோரத்தில் ஓலைக் கொட்டில் போட்டு அப்பக் கடை தொடங்கினார். ஒருநாள் நான் வேலை முடிந்து போனபோது, கடைக்கு முன்னால் ஒரு பலகை தொங்கியது. அண்ணாவை வீட்டில் கூப்பிடும் பெயரை அதில் பெரிய எழுத்தில் எழுதுவித்திருந்தார். "வாற வழியில கிடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நான் களத்தில் வேலை செய்யும் சமூகப் பணியாளர். ஒரு வீட்டுக்குப் போனால் முதல் நாள் படிவத்தை வெளியே எடுப்பதில்லை. முதலில் என் முகவரியைச் சொல்வேன். கிளிவெட்டி முகாமையும் சேர்த்துத்தான் சொல்வேன். அதன் பின் அவர்கள் சொல்வதைக் கேட்பேன்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அந்தப் பெண்கள் ஒரே நாளில் எழும்பவில்லை. பன்னிரண்டு வருடம் உதவி வரவில்லை. பலர் முப்பது நாற்பது வருடம் வாயே திறக்கவில்லை. ஒருத்தி மா கரைத்தாள். ஒருத்தி மேட்டைக் கூட்டினாள். ஒருத்தி மரத்தடியில் இருந்து கதை சொன்னாள். மறைத்து வைத்திருந்த ஒருத்தி, மறைத்து வைத்திருந்த இன்னொருத்தியிடம் முதலில் சொன்னாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்கள் கொஞ்சம் முந்தி வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் இருந்து கதைப்போம். தேத்தண்ணீரோடு அம்மாவின் கடை அப்பமும் கொண்டு வருகிறேன்.